வால்கான்சிக்ளோவிர் 450 மி.கி. மாத்திரை: விழித்திரைக்கு எவ்வளவு நம்பலாம், எங்கே நம்பக்கூடாது

60 மாத்திரை கொண்ட ஒரு புட்டி 15 நாளில் காலியாகிவிடும். வால்கான்சிக்ளோவிர் வாங்கும்போது முதலில் போட வேண்டிய கணக்கு இது. எச்.ஐ.வி.யுடன் வாழ்வோருக்கு வரும் சைட்டோமெகாலோ வைரஸ் விழித்திரை அழற்சிக்கு, அதாவது சி.எம்.வி. ரெட்டினைட்டிஸுக்கு, முதல் கட்ட அளவு காலையில் 900 மி.கி., இரவில் 900 மி.கி. 450 மி.கி. மாத்திரையாகப் பார்த்தால் நாளைக்கு 4, 21 நாளைக்கு 84. புட்டி தீர்ந்ததும் ‘கோர்ஸ் முடிந்தது’ என்று நிறுத்திவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். வைரஸ் பாதி அடங்கியிருக்கும் அந்த நேரத்தில் ஒரு வாரம் மருந்தில்லாமல் போனால், விழித்திரையில் வெண்திட்டின் ஓரம் மறுபடி நகரத் தொடங்கும். ஆகவே முதல் நாளே இரண்டு புட்டி கையில் இருக்கட்டும். 84 போக மிஞ்சும் 36 மாத்திரை, நாளைக்கு 2 வீதம் அடுத்த கட்டத்தின் 18 நாளுக்கு வரும். 39ஆம் நாள் முடிவதற்குள் மூன்றாவது புட்டி வந்துசேர வேண்டும்.

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இந்த நோய்க்கு வாய்வழி மருந்து என்று எடுத்தால் இதற்கு நிகராக வேறொன்று இல்லை. பெரும்பாலானவர்களுக்கு முதல் தேர்வாக இதையே தயங்காமல் சொல்வோம். ஆனால் ரத்தப் பரிசோதனை, சிறுநீரகக் கணக்கு, சாப்பாடு, கண்மணியை விரித்துப் பார்க்கும் பரிசோதனை, எச்.ஐ.வி.க்கான ஏ.ஆர்.டி. மருந்து என்ற ஐந்தில் எது விட்டுப்போனாலும் மாத்திரை தன் வேலையை ஒழுங்காகச் செய்யாது. மருந்து சரியில்லை என்று வரும் புகார்களில் பல, இந்த ஐந்தில் ஏதோ ஒன்றில் போய் முடிகின்றன.

இந்த நோய் பெரும்பாலும் சிடி4 என்ற நோய் எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை 50க்குக் கீழே இறங்கியவர்களைத்தான் பிடிக்கிறது. கண் சிவக்காது, வலிக்காது, பீளை கட்டாது. கண்ணுக்கு முன்னால் பூச்சி பறப்பது போல் தெரிவது, ஓரத்தில் மின்னல் வெட்டுவது, பார்வையின் ஒரு பக்கம் நிழல் விழுந்தது போல் மறைவது ஆகியவைதான் அறிகுறிகள். விழித்திரையின் ஓரப்பகுதியில் தொடங்கினால் அதுகூடத் தெரியாது. சிடி4 இவ்வளவு குறைந்தவர்கள் ‘கண் நன்றாகத்தான் தெரிகிறது’ என்று இருந்துவிடாமல், சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரித்து விழித்திரை முழுவதையும் பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும். சும்மா டார்ச் அடித்துப் பார்ப்பதில் இது அகப்படாது.

மாத்திரையின் அருமை தெரிய வேண்டுமானால் முன்பு என்ன இருந்தது என்று பார்க்க வேண்டும். 1989இல் அனுமதி பெற்ற கான்சிக்ளோவிர் நரம்பு ஊசி, உடல் எடை கிலோவுக்கு 5 மி.கி. வீதம் 12 மணிக்கு ஒருமுறை, ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம் ஏற்றப்படும். முதல் கட்டம் முடிந்த பிறகும் தினமும் ஒருமுறை ஏற்ற வேண்டும். கைநரம்பு இதைப் பல மாதம் தாங்காது, ஏனென்றால் மருந்துக் கரைசல் கடுமையான காரத்தன்மை கொண்டது. அதனால் மார்புப் பக்கம் நிரந்தரக் குழாய் வைப்பார்கள். நோய் எதிர்ப்பாற்றல் இல்லாத உடலில் அந்தக் குழாயே கிருமி நுழையும் வாசலானது. பிறகு கான்சிக்ளோவிர் காப்ஸ்யூல் வந்தது. அதில் 10இல் ஒரு பங்கு மருந்துகூட ரத்தத்தில் சேராது. 250 மி.கி. காப்ஸ்யூல் நாளைக்கு 12 விழுங்க வேண்டியிருந்தது. கண்ணுக்குள்ளேயே பதிக்கும் சிறு வில்லை 1996இல் வந்தது. 4.5 மி.கி. மருந்தை மாதக்கணக்கில் கசியவிட்டு நன்றாகவே வேலை செய்தது. ஆனால் அதன் தயாரிப்பு நின்றுவிட்டது.

வால்கான்சிக்ளோவிர் 2001இல் அனுமதி பெற்றது. கான்சிக்ளோவிரோடு வாலின் என்ற அமினோ அமிலத்தை ஒட்டிய மூலக்கூறு அது. குடல் அதை உணவுச் சத்து என்று எடுத்து உள்ளே விட்டுவிடும். உள்ளே போனதும் வாலின் கழன்று கான்சிக்ளோவிர் மட்டும் மிஞ்சும். சாப்பாட்டோடு எடுத்தால் ஏறக்குறைய 60 சதவீதம் ரத்தத்தில் சேர்கிறது. 900 மி.கி. மாத்திரை ஒருவேளை எடுப்பதும், கிலோவுக்கு 5 மி.கி. நரம்பில் ஏற்றுவதும் ரத்தத்தில் கிட்டத்தட்ட ஒரே அளவைத் தருகின்றன. புதிதாக நோய் கண்ட 160 பேரிடம் நடந்து 2002இல் வெளியான ஆய்வில், முதல் 4 வாரத்தில் நோய் முன்னேறியது நரம்பு ஊசி பெற்றவர்களில் 70க்கு 7 பேருக்கு, மாத்திரை எடுத்தவர்களில் 71க்கு 7 பேருக்கு. ஊசிதான் பலமானது, மாத்திரை லேசானது என்ற நினைப்பு இந்த மருந்துக்குப் பொருந்தாது. 2015 முதல் இது உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் இருக்கிறது.

சாப்பாடு விஷயத்தில் ஒரு வார்த்தை. ‘உணவோடு’ என்று சீட்டில் எழுதியிருப்பதைப் பலர் வயிறு புண்ணாகாமல் இருப்பதற்காக என்று எடுத்துக்கொள்கிறார்கள். மருந்து சரியாக ரத்தத்தில் சேர்வதற்காகத்தான் அப்படி எழுதுகிறார்கள். கொழுப்புச் சத்துள்ள நிறைவான உணவோடு எடுக்கும்போது ரத்தத்தில் சேரும் மொத்த அளவு வெறும் வயிற்றில் எடுப்பதைவிட 30 சதவீதம் அளவுக்குக் கூடுகிறது. இரண்டு பிஸ்கட்டும் தேநீரும் போதாது. வாந்தி, வயிற்றுப்போக்கு, வாய்ப்புண்ணால் சாப்பிடவே முடியாத நிலை இருந்தால் மாத்திரையை நம்பி நாளைக் கடத்த வேண்டாம். அந்த நிலை மாறும்வரை நரம்பு ஊசியே சரி.

இனி சிறுநீரகம். இந்த மருந்து பெரும்பாலும் சிறுநீர் வழியே வெளியேறுகிறது. அளவு கூடினால் எலும்பு மஜ்ஜை அடிவாங்கும், குறைந்தால் வைரஸ் தப்பிக்கும். இரண்டுக்கும் நடுவிலான பாதை குறுகலானது, அதனால் கணக்கைப் போட்டே காட்டுகிறோம். 45 வயதுப் பெண், எடை 42 கிலோ, சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும் கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் 1.0. பரிசோதனைத் தாளில் அந்த 1.0 ‘நார்மல்’ என்றுதான் அச்சாகியிருக்கும். ஆனால் 140இலிருந்து வயதைக் கழித்தால் 95. அதை எடையால் பெருக்கினால் 3990. அதை 72 பெருக்கல் கிரியேட்டினினால் வகுத்தால் சுமார் 55. பெண் என்பதால் 0.85ஆல் பெருக்க, 47. கிரியேட்டினின் வெளியேற்றம் எனப்படும் இந்த எண் 60 அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் முழு அளவு. 40 முதல் 59 வரை உள்ளவருக்கு 450 மி.கி. இரண்டு வேளை, இரண்டாம் கட்டத்தில் தினம் ஒன்று. ஆக, நார்மல் என்று அச்சான தாளை வைத்துக்கொண்டே இந்தப் பெண்ணுக்குத் தேவையானதைப் போல் இரண்டு மடங்கு மருந்து போயிருக்கும். எடை மெலிந்தவர்கள் நிறைந்த இந்த நோயில் இது அடிக்கடி நடக்கக்கூடிய தவறு. 25 முதல் 39 வரை என்றால் முதல் கட்டத்தில் தினம் ஒன்று, பிறகு 2 நாளைக்கு ஒன்று. 10 முதல் 24 வரை என்றால் 2 நாளைக்கு ஒன்று, பிறகு வாரத்துக்கு 2. 10க்குக் கீழே போனால், டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களும் இதில் அடக்கம், 450 மி.கி. மாத்திரை பொருந்தாது.

இதற்கு நேர்மாறான பொறியும் உண்டு. ஏ.ஆர்.டி. மருந்துகளில் ஒன்றான டோலுடெக்ராவிர் தொடங்கிய முதல் சில வாரத்தில் கிரியேட்டினின் 0.1, 0.2 என்று லேசாக ஏறி அங்கேயே நின்றுவிடும். சிறுநீரகம் கெட்டதால் வரும் ஏற்றம் இல்லை இது. கிரியேட்டினின் சிறுநீரில் கலக்கும் ஒரு வழியை அந்த மருந்து அடைப்பதால் எண் மட்டும் ஏறுகிறது. அதைப் பார்த்துப் பயந்து வால்கான்சிக்ளோவிரைப் பாதியாக்கினால் கண்ணைத்தான் இழக்க நேரும். எப்போது தொடங்கியது, எவ்வளவு ஏறியது, தொடர்ந்து ஏறுகிறதா என்று பார்த்து மருத்துவர் முடிவெடுக்க வேண்டும். சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய இன்னொரு ஏ.ஆர்.டி. மருந்தான டெனோஃபோவிர் எடுப்பவர்களிடம் மட்டும், ஏற்றம் உண்மையானதாகவே இருக்கக்கூடும் என்ற விழிப்பு வேண்டும்.

இந்த மருந்தின் பெரிய குறை, ரத்த அணுக்களைக் குறைப்பது. நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணு 500க்குக் கீழ், தட்டணு 25,000க்குக் கீழ், ஹீமோகுளோபின் 8 கிராமுக்குக் கீழ் என்றால் தொடங்கவே கூடாது. தொடங்கிய பிறகு முதல் கட்டத்தில் வாரம் இருமுறை, பின்பு வாரம் ஒருமுறை ரத்த அணு எண்ணிக்கையும் கிரியேட்டினினும் பார்ப்பது நல்லது. ஏ.ஆர்.டி. கூட்டில் சிடோவுடின் இருந்தால் அதுவும் மஜ்ஜையையே தாக்கும். இரண்டையும் சேர்த்து ஓட்டுவதைவிட சிடோவுடினை மாற்றிக்கொள்வதே மேல். நிமோனியா தடுப்புக்காக இவர்களில் பலர் எடுக்கும் கோட்ரைமாக்சசோலும் வெள்ளையணுவைக் குறைக்கக்கூடியதுதான். அதற்காக அதைத் தானாக நிறுத்திவிடக் கூடாது, எண்ணிக்கையைக் கூர்ந்து பார்த்தால் போதும்.

நியூட்ரோஃபில் இறங்கும்போது நடக்கும் ஒரு தவறு எங்களுக்கு மிகவும் வருத்தம் தருவது. ‘பாவம், தாங்கவில்லை, ஒரு மாத்திரையாகக் குறைத்துக் கொடுப்போம்’ என்கிறார்கள். சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கு அளவை இப்படிக் குறைப்பது வைரஸுக்குப் பயிற்சி கொடுப்பதற்குச் சமம். மஜ்ஜையைத் தூண்டும் ஃபில்கிராஸ்டிம் ஊசி போட்டு முழு அளவிலேயே தொடர்வது, தேவைப்பட்டால் சில நாள் நிறுத்தி முழு அளவில் திரும்பத் தொடங்குவது, கண்ணுக்குள் ஊசியால் இடைவெளியை நிரப்புவது, ஃபாஸ்கார்னெட் என்ற வேறொரு வைரஸ் எதிர்ப்பு மருந்துக்கு மாறுவது என்று வேறு வழிகள் இருக்கின்றன. ஃபாஸ்கார்னெட் மஜ்ஜையை அவ்வளவாகத் தொடாது, ஆனால் சிறுநீரகத்தைக் கெடுக்கும், கால்சியம், மக்னீசியம், பொட்டாசியத்தைக் குலைக்கும். மருத்துவமனையில் வைத்து நிறைய உப்புநீர் ஏற்றித்தான் கொடுக்க முடியும்.

மாத்திரையைக் கையாளும் விதத்துக்கு வருவோம். உடைக்கக் கூடாது, பொடிக்கக் கூடாது, மெல்லக் கூடாது. பிறவிக் குறைபாடும் புற்றும் உண்டாக்கக்கூடிய பொருளாகவே இதை நினைத்துக் கையாள வேண்டும். மேல்பூச்சு பெயர்ந்த மாத்திரை கையில் பட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். விழுங்க முடியாதவர்களுக்கு 1 மி.லி.யில் 50 மி.கி. உள்ள திரவம் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்க வேண்டும், உரலில் இடித்துத் தண்ணீரில் கலக்குவது கூடாது. பெண்கள் சிகிச்சைக் காலத்திலும் அதன்பின் குறைந்தது 30 நாளும் கருத்தடை கடைப்பிடிக்க வேண்டும். ஆண்கள் சிகிச்சைக் காலத்திலும் பின்னர் 90 நாளும் ஆணுறை அணிய வேண்டும். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் நோய் கண்ணில் மட்டும் இருந்தால், குழந்தைக்கு மருந்து போய்ச் சேராமலிருக்கக் கண்ணுக்குள் ஊசியோடு நிறுத்திக்கொள்வதை மருத்துவர்கள் முதலில் யோசிப்பார்கள். தலைசுற்றலும், அரிதாக வலிப்பும் வரலாம். அதனால் முதல் நாட்களில் வண்டி ஓட்ட வேண்டாம். இமிபெனெம் என்ற ஆன்டிபயாட்டிக்கோடு சேர்ந்தால் வலிப்பு வாய்ப்பு கூடும்.

புட்டியின் மேல் சில நிறுவனங்கள் ‘வால்கான்சிக்ளோவிர் 450 மி.கி.’ என்றும், சில ‘வால்கான்சிக்ளோவிர் ஹைட்ரோகுளோரைடு 496.3 மி.கி.’ என்றும் அச்சிடுகின்றன. இரண்டும் ஒன்றே. பின்னது உப்பின் எடையைச் சேர்த்துச் சொல்கிறது.

பெயர்க் குழப்பம்தான் உண்மையிலேயே ஆபத்தானது. வாலசிக்ளோவிர் வேறு, வால்கான்சிக்ளோவிர் வேறு. முன்னது ஹெர்ப்பிஸுக்கும் அக்கிக்கும். நெற்றியிலும் இமையிலும் அக்கி வந்து கண்ணைத் தொடும்போது வாலசிக்ளோவிர் 1 கிராம் நாளைக்கு மூன்று வேளை என்பது சரியான மருந்து. சி.எம்.வி. விழித்திரை அழற்சிக்கு அது போதாது. சீட்டில் அவசரக் கையெழுத்து, கடையில் அவசரக் கை, நடுவில் ‘கான்’ என்ற அந்த ஓரசை விழுங்கப்பட்டால் மூன்று வாரம் வீணாகி ஒரு கண் போய்விடும். புட்டியைக் கையில் வாங்கியதும் பெயரை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். இதே போல கான்சிக்ளோவிர் 0.15 சதவீதக் கண் ஜெல்லும் இருக்கிறது. கருவிழியில் வரும் ஹெர்ப்பிஸ் புண்ணுக்கு அது நல்ல மருந்து. கண்ணின் பின்சுவரில் இருக்கும் விழித்திரைக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை.

மாத்திரை மட்டும் போதாத இடம் ஒன்று உண்டு. பார்வையின் மையமான ஃபோவியாவிலிருந்து 3000 மைக்ரான், அதாவது 3 மி.மீ. தொலைவுக்குள்ளோ, பார்வை நரம்பு வட்டிலிருந்து 1500 மைக்ரானுக்குள்ளோ திட்டு வந்துவிட்டால், அதை முதல் மண்டலம் என்பார்கள். அங்கே ஒவ்வொரு நாளும் பார்வையின் கணக்கு. மாத்திரை ரத்தத்தில் சேர்ந்து கண்ணுக்குள் போதிய அளவு எட்டும்வரை காத்திருக்கக் கூடாது. முழு அளவு மாத்திரையோடு, 7 முதல் 10 நாளுக்குள் 1 முதல் 4 முறை கான்சிக்ளோவிர் 2 மி.கி. கண்ணுக்குள் ஊசியாகப் போடுவார்கள். ஃபாஸ்கார்னெட் என்றால் 2.4 மி.கி. சொட்டு மருந்தால் மரக்கவைத்து, பொவிடோன் அயோடின் விட்டு, கருவிழி விளிம்பிலிருந்து 3.5 முதல் 4 மி.மீ. தள்ளி மெல்லிய ஊசியால் போடுவது. சில நொடி வேலைதான். ஆனால் மருந்தைக் கலக்குவதில் கவனம் சிதறினால் பேராபத்து. 500 மி.கி. குப்பியை 10 மி.லி.யில் கரைத்தால் 1 மி.லி.யில் 50 மி.கி. அதில் 1 மி.லி. எடுத்து 1.5 மி.லி. உப்புநீர் சேர்த்தால் 1 மி.லி.யில் 20 மி.கி. அதிலிருந்து 0.1 மி.லி. எடுத்தால்தான் 2 மி.கி. இரண்டாவது படி விட்டுப்போனால் இரண்டரை மடங்கு உள்ளே போகும், தசமப் புள்ளி இடம் மாறினால் விழித்திரை நிரந்தரமாகக் கெடும். இருவர் சரிபார்த்து அளவைச் சத்தமாகச் சொல்லிப் போடும் இடமே நல்ல இடம்.

சில இடங்களில் கண் ஊசியை மட்டும் போட்டு மாத்திரையைத் தவிர்த்துவிடுகிறார்கள். இதை நாங்கள் ஏற்கவில்லை. ஊசி அந்த ஒரு கண்ணுக்கு மட்டும். வைரஸ் ரத்தத்தில் இருக்கிறது. மற்றக் கண்ணையும், குடலையும், நரம்பு மண்டலத்தையும் காப்பது உடல் முழுக்கப் போகும் மருந்துதான்.

எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். வைரஸ் பெருகுவதை இது தடுக்கும், ஒழித்துக்கட்டாது. செத்த விழித்திரையை உயிர்ப்பிக்காது. இழந்த பார்வை திரும்பும் என்று வாக்குக் கொடுப்பவரை நம்ப வேண்டாம். பயன் தெரிகிறதா என்று பார்க்க வேண்டிய இடம் திட்டின் ஓரம். நோய் உயிரோடு இருக்கும்போது அந்த ஓரம் வெண்மையாகப் பஞ்சு போல் உப்பி, நடுநடுவே ரத்தக் கசிவோடு இருக்கும். மருந்து பிடித்ததும் ஓரம் சாம்பலாகித் தட்டையாகி, மெல்லிய நிறமிப் புள்ளிகளோடு வடுவாகும். தொடங்கி 2 வாரத்தில் ஒருமுறையும் பிறகு மாதம் ஒருமுறையும் கண்மணியை விரித்துப் பார்த்து, முடிந்தால் ஒவ்வொரு முறையும் படம் எடுத்து ஓரத்தை ஒப்பிட வேண்டும். நினைவை மட்டும் நம்பி ஒப்பிட்டால் மெதுவாக நகரும் ஓரம் தப்பிவிடும். வடுவான இடம் காகிதம் போல் மெலிந்திருக்கும், அதில் ஓட்டை விழுந்து விழித்திரை விலகலாம். திடீரென்று திரை இறங்கினால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கண்ணுக்குள் உள்ள ஜெல்லை அகற்றும் விட்ரக்டமி அறுவை சிகிச்சை செய்து சிலிக்கோன் எண்ணெய் நிரப்பிச் சரிசெய்வார்கள்.

ஏ.ஆர்.டி. இல்லாமல் இந்த மாத்திரையை மட்டும் ஓட்டினால் அது தோற்பதற்கு நாள் குறித்ததாகத்தான் ஆகும். பல மாதம் போகப்போக வைரஸின் யூ.எல்.97 மரபணுவில் மாற்றம் வந்து, மருந்தைச் செயலூட்டும் முதல் படியே நின்றுவிடும். யூ.எல்.54இலும் மாற்றம் வந்தால் நரம்பு ஊசிக்கும் மசியாது, சிடோஃபோவிர் என்ற மாற்று மருந்தும் கைவிடக்கூடும். ஏ.ஆர்.டி. ஏற்கெனவே தொடங்காதவர்களுக்கு, கண் சிகிச்சை தொடங்கி 2 வாரத்துக்கு மேல் தள்ளிப்போடாமல் தொடங்குவதே இன்றைய நடைமுறை. எதிர்ப்பாற்றல் திரும்பும்போது, அடங்கிய கண்ணில் மீண்டும் மங்கலும் மிதக்கும் புள்ளிகளும் வரலாம். உடலின் படை பழைய போர்க்களத்துக்குத் திரும்பி வந்து உண்டாக்கும் வீக்கம் அது. மருந்து தோற்றுவிட்டது என்று எண்ணி ஏ.ஆர்.டி.யையோ வால்கான்சிக்ளோவிரையோ நிறுத்திவிடாதீர்கள். திட்டின் ஓரம் அமைதியாக இருந்து, கண்ணுக்குள் அழற்சி மட்டும் இருந்தால் கண் மருத்துவர் ஸ்டீராய்டால் அதை அடக்குவார்.

எவ்வளவு காலம் என்ற கேள்விக்கு இப்போது நல்ல பதில் இருக்கிறது. முன்பு ஆயுள் முழுக்க என்றார்கள். இப்போது, குறைந்தது 3 முதல் 6 மாதம் சிகிச்சை முடிந்து, திட்டு முழுவதும் அடங்கி, ஏ.ஆர்.டி.யால் சிடி4 எண்ணிக்கை 100ஐத் தாண்டி 3 முதல் 6 மாதம் நிலைத்திருந்தால், கண் மருத்துவரையும் கேட்டுக்கொண்டு நிறுத்தலாம். சிடி4 ஒரே ஒரு முறை 110 வந்தது என்பதற்காக நிறுத்துவது அவசரம். நிறுத்திய பிறகு 3 மாதத்துக்கு ஒருமுறை விழித்திரையைப் பார்க்க வேண்டும். சிடி4 மறுபடி 100க்குக் கீழே இறங்கினால் தினம் 900 மி.கி. திரும்பத் தொடங்க வேண்டும். அந்தப் பரிசோதனைகளுக்கு நடுவே வீட்டில் செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. தினமும் காலையில் ஒரு கண்ணைக் கையால் மூடி, எதிர்ச் சுவரில் உள்ள கதவுச் சட்டத்தையோ நாட்காட்டியையோ மற்றக் கண்ணால் பாருங்கள். பிறகு கண்ணை மாற்றிப் பாருங்கள். இரு கண்ணாலும் பார்க்கும்போது ஒரு கண்ணின் குறையை மற்றது மூடிவிடும். ஒரு மூலை மறைந்தாலோ, கோடு வளைந்தாலோ, புதிதாகப் பூச்சி பறந்தாலோ அடுத்த மாதத் தேதிக்குக் காத்திருக்காமல் அன்றே போய்க் காட்டுங்கள்.